துவோமோ என்னும் சொல்



நம் ஜவ்வாது மலையிலே காவலூர்ப் பக்கம் போனவர்கள், மரங்களுக்கு மேலே எழும்பி நிற்கும் உருண்டைக் கூரைகளைக் கண்டிருப்பீர்கள். அது வைணு பாப்பு வானாய்வு நிலையம். 1986-ம் ஆண்டில் திறந்துவைத்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. அப்படிப்பட்ட கூரைக்கு இங்கிலீஷில் 'டோம்' என்று பெயர். அந்தப் பெயர் கோயிலிலிருந்து வந்தது என்றால் நம்புவீர்களா?

இத்தாலிய பாஷையில் 'துவோமோ' என்றால் கூரையல்ல. பட்டணத்தின் பெரிய கோயில், பெரும்பாலும் மேற்றிராணியார் கோயில். 1386-ல் கட்டத் தொடங்கிய மிலான் கோயிலில் நாலாபக்கமும் ஊசிக் கோபுரங்களே தெரியும். ஆயினும் அதுவும் துவோமோதான். புளோரன்ஸ் துவோமோவுக்கோ, புருனெல்லெஸ்கி என்பவர் 1420 முதல் 1436 வரை பாடுபட்டு எழுப்பிய மாபெரும் உருண்டைக் கூரை உண்டு. கோயிலின் பெயர் பிரெஞ்சு வழியாய் இங்கிலீஷுக்குப் போனபோது, கூரையின் பெயராகிவிட்டது.

சரி, துவோமோவுக்கு வேர் எது? லத்தீனில் 'தோமுஸ்'. அதற்கு அர்த்தம் வீடு, வெறும் வீடு. (லத்தீன் பூசை கண்ட பெரியவர்கள் அடிக்கடி கேட்ட 'தோமினுஸ்' என்ற சொல்லும் இதன் பிள்ளையே: வீட்டுக்கு உடையவர்.)

"எங்கள் ஊரில் கோயில் இல்லையே, வீட்டுத் திண்ணையில்தானே பூசை" என்று கூச்சப்படுகிற குடும்பங்கள் உண்டு. அவர்கள் அர்ச். சின்னப்பர் உரோமாபுரியாருக்கு எழுதிய நிருபத்தில் 16-ம் அதிகாரத்தைப் பார்க்கட்டும். பிரிஸ்கா, ஆக்கிலா என்ற தம்பதிகளின் வீட்டிலே கூடும் சபைக்கு அவர் வாழ்த்துச் சொல்லுகிறார். அவர்கள் பிரபுக்களல்ல, கூடாரம் செய்து பிழைத்தவர்கள்.

சிரியா தேசத்தில் யூப்ரடீஸ் நதியோரம் தூரா எவுரோப்போஸ் என்ற ஊரை 1930-களில் தோண்டியபோது, சுமார் 240-ம் ஆண்டில் கோயிலாக்கப்பட்ட ஒரு வீடு அகப்பட்டது. இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை எடுத்துவிட்டு, சபை கூட இடம் பண்ணியிருந்தார்கள். இன்னோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி. சுவரிலே நல்லாயன் சித்திரம். கான்ஸ்டன்டைன் இராயன் 313-ல் வேதத்துக்கு விடுதலை கொடுப்பதற்கு எத்தனையோ வருஷம் முந்தின காரியம் இது.

நம் தமிழிலும் பாருங்கள்: கோ, இல் என்ற இரண்டும் சேர்ந்ததே கோயில். கோ என்றால் அரசன். இல் என்றால் வீடு. இல்லறம், இல்லாள் என்கிறோமே, அதே இல்.