தீங்கற்ற கட்டியும் வருங்கால அபாயமும்

மார்பில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை புற்றுநோயல்ல. ஆயினும் அவை யாவும் ஒரே தன்மையுடையனவும் அல்ல. அமெரிக்க ஆய்வாளர்களான டூபான்ட், பேஜ் ஆகியோர் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, இயல்பு பிறழ்ந்த உயிரணுப் பெருக்கம் காணப்பட்ட பெண்களுக்குப் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்காகும். இவர்களுள்ளும் பலருக்கு அந்நோய் வருவதில்லை. யாருக்கு வரும் எனப் பிரித்தறியவே, திசுவில் எம்மரபணுக்கள் மிகுந்தும் எவை குறைந்தும் செயற்படுகின்றன என்று ஆராய்கின்றனர். இச்சோதனை அன்றாட மருத்துவத்தில் இன்னும் இடம்பெறவில்லை.

சித்தூர் மாவட்டக் கிராமத்துப் பெண்ணொருவர், திருப்பதியின் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியல் நிறுவனம் போன்றதொரு மருத்துவமனையில் திசுச் சோதனை செய்துகொள்கிறார் எனக் கொள்வோம். ‘புற்றுநோயில்லை’ என்ற ஒற்றைச் சொல் அவருக்குப் போதாது. உயிரணுப் பெருக்கத்தின் வகையும் அறிக்கையில் இடம்பெற வேண்டும். அதற்கு நுண்ணோக்கியும் தேர்ந்த கண்ணுமே தேவை; செலவு அற்பம். மெழுகில் பதித்த திசுவைப் பாதுகாத்தால், மரபணுச் சோதனை கைகூடும் நாளில் அதனையே மீண்டும் ஆராயலாம்.