சுபேதாரா, லெஃப்டினன்டா? 27 வயதுக்குள் எடுக்கவேண்டிய முடிவு

லெஃப்டினன்ட் தோளில் இரண்டு நட்சத்திரம். சுபேதார் தோளிலும் இரண்டு நட்சத்திரம். கூடவே சிவப்பும் மஞ்சளும் கலந்த ஒரு ரிப்பன் பட்டை. பார்க்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அந்த இருவரின் வேலை, ஊதியம், ஓய்வு வயது, யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்பது வரை எல்லாமே வேறு. பிளஸ் டூ முடித்துப் படையில் சேர்ந்த ஒரு சிப்பாய், எந்தப் பக்கம் போவது என்று இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே யோசிக்கத் தொடங்கவேண்டும். பலர் பத்தாவது ஆண்டில்தான் யோசிக்கிறார்கள். அதற்குள் முதல் வாய்ப்புக்கான வயது போய்விடுகிறது.

பல நாட்டுப் படைகளில் வாரண்ட் ஆபீசர் நிற்கும் இடத்தில் நம் தரைப்படையில் நிற்பவர்கள் ஜே.சி.ஓ.க்கள் எனப்படும் ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்கள்: நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். விமானப்படையில் வாரண்ட் ஆபீசர் என்ற பெயரே உண்டு; கடற்படையில் மாஸ்டர் சீஃப் பெட்டி ஆபீசர். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த சுபேதார்கள் வைஸ்ராயின் கமிஷன் பெற்றவர்கள். எத்தனை போர் பார்த்த சுபேதாரும் நேற்று வந்த ஆங்கிலேய லெஃப்டினன்டுக்குக் கீழேதான் என்பது அன்றைய ஏற்பாடு. சுதந்திரத்துக்குப் பிறகு பெயர் மாறியது. இந்த நடு அடுக்கு அப்படியே தொடர்கிறது. சிப்பாயாகச் சேர்ந்தவர் ஒழுங்காகப் பணியாற்றினால் இதன் உச்சியில் சுபேதார் மேஜர் ஆகலாம். லெஃப்டினன்ட் ஆவதற்கு அது வழியல்ல. அதற்குத் தனியாக விண்ணப்பித்து, தேர்வு எழுதிப் போகவேண்டும்.

அப்படிப் போவதற்கான முதன்மையான வழி ஏ.சி.சி. எனப்படும் ஆர்மி கேடட் காலேஜ். 1960இல் புனேயில் தொடங்கி, 1977இல் டேராடூனுக்கு வந்து, இப்போது அங்குள்ள இந்திய ராணுவ அகாடமியின் ஒரு பிரிவாக இயங்குகிறது. வயது 20 முதல் 27, குறைந்தது 2 ஆண்டுச் சேவை, பிளஸ் டூ தேர்ச்சி: இவைதான் தகுதி. எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. எனும் தேர்வு வாரியத்தின் சோதனை, மருத்துவப் பரிசோதனை மூன்றையும் தாண்டினால் 3 ஆண்டுப் படிப்பு, ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகப் பட்டம், அதன்பின் அகாடமியில் ஓராண்டுப் பயிற்சி. ஆக 4 ஆண்டு. வறுமையால் கல்லூரிக்குப் போகாமல் படைக்கு வந்த பையனுக்கு ஒரு பட்டமும், அதிகாரிப் பதவி தரும் கமிஷனும் சேர்ந்து கிடைக்கிற ஏற்பாடு இது. இதைவிட நியாயமான ஒரு வாய்ப்பை நான் வேறு எந்த வேலையிலும் பார்க்கவில்லை.

இப்போது ஒரு தாளை எடுத்து உங்கள் வயதைக் கணக்குப் போடுங்கள். முடிவின் முக்கால் பங்கு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 23 வயதில் ஏ.சி.சி.க்குள் போனால் 27இல் கமிஷன். கமிஷன் பெற்று 2 ஆண்டில் கேப்டன், 6 ஆண்டில் மேஜர், 13 ஆண்டில் லெஃப்டினன்ட் கர்னல். இவை காலக்கணக்கில் வரும் பதவிகள். அதாவது 40 வயதில் லெஃப்டினன்ட் கர்னல். அதற்கு மேல் கர்னல் பதவி தேர்வுக் குழு பார்த்துக் கொடுப்பது. பலர் அந்தக் கட்டத்தில் நின்றுவிடுகிறார்கள். தேர்வாகாதவர்களுக்கும் 26 ஆண்டு முடிந்தால் காலக்கணக்கில் கர்னல் உண்டு. 27இல் கமிஷன் பெற்றவருக்கு அது 53 வயதில் வரும். ஓய்வு வயது 54. ஒட்டிக்கொண்டு கிடைக்கிறது. அதே ஆள் 27 வயதுவரை தள்ளிப்போட்டு ஏ.சி.சி.க்குப் போனால் 31இல் கமிஷன், 44இல் லெஃப்டினன்ட் கர்னல், 26 ஆண்டு முடிய 57 வயது ஆகும். காலக்கணக்குக் கர்னல் பதவி அவருக்கு எட்டவே எட்டாது. நான்கு ஆண்டு தயக்கத்தின் விலை இது.

பணத்திலும் இதே வயதுக் கணக்குத்தான் பேசுகிறது. ஏழாவது ஊதியக் குழு அட்டவணையில் சிப்பாயின் தொடக்க அடிப்படை ஊதியம் 21,700 ரூபாய். நாயிப் சுபேதார் 35,400, சுபேதார் 44,900, சுபேதார் மேஜர் 47,600. லெஃப்டினன்ட் 56,100, மேஜர் 69,400, லெஃப்டினன்ட் கர்னல் 1,21,200. ராணுவச் சேவை ஊதியம் ஜே.சி.ஓ.வரை 5,200, அதிகாரிக்கு 15,500. மேஜருக்கும் லெஃப்டினன்ட் கர்னலுக்கும் நடுவே உள்ள தாவலைப் பாருங்கள். அதிகாரிப் பாதையின் பெரிய வருமானம் தொடக்கத்தில் இல்லை. பதின்மூன்றாவது ஆண்டில் இருக்கிறது. எத்தனை வயதில் கமிஷன் பெறுகிறீர்களோ அதைப் பொறுத்து அந்த ஊதியத்தை எத்தனை ஆண்டு வாங்குவீர்கள் என்பது அமையும். ஜே.சி.ஓ. பக்கம் 8, 16, 24 ஆண்டுகளில், பதவி உயர்வு வராவிட்டாலும் ஊதிய நிலை உயர்வு உண்டு. ஆண்டு உயர்வுகளும் சேர்வதால், 25 ஆண்டு முடித்த சுபேதாரின் அடிப்படை ஊதியம் அட்டவணையின் தொடக்க எண்ணைவிட நன்றாகவே மேலே இருக்கும்.

இனி வேலையைப் பார்க்கலாம். காலாட்படையில் ஜே.சி.ஓ. ஆகிறவர் பெரும்பாலும் தான் சேர்ந்த பட்டாலியனிலேயே வளர்கிறார். வெலிங்டன் பயிற்சி மையத்தில் ஒன்றாகப் பயிற்சி எடுத்தவர்கள், ஒரே பாரக்கில் படுத்தவர்கள், இப்போது அவருடைய பிளட்டூனில் இருக்கிறார்கள். யாருடைய அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, யாருக்கு நிலத்தகராறு, யார் லீவு கேட்கத் தயங்குகிறான் என்பது ‘சாப்’ என்று எல்லோரும் கூப்பிடும் அந்த மனிதருக்குத் தெரியும். சுபேதார் மேஜர் ஜவான்களின் மனநிலையை நேரே கமாண்டிங் ஆபீசரிடம் சொல்லும் உரிமை உள்ளவர். அதிகாரியின் வாழ்க்கை வேறு. யூனிட்டில் சில ஆண்டு, அதன்பின் தலைமையகத்தில் கோப்பு வேலை, ஒரு பயிற்சிப் பள்ளியில் ஆசிரியர் வேலை, மீண்டும் யூனிட் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பார். திட்டமிடுவதும், முடிவெடுத்து அதற்குப் பொறுப்பேற்பதும், எழுதுவதும் அவருடைய அன்றாடம். அதோடு, கமிஷன் பெறும்போது பழைய ரெஜிமென்ட்டே கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை.

ஜே.சி.ஓ. பதவியை, அதிகாரியாக முடியாதவர்களுக்குக் கிடைத்த ஆறுதல் என்று நினைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. 1962இல் பும்லா அருகே தன் பிளட்டூனோடு சீனத் தாக்குதலை எதிர்த்து நின்று பரம்வீர் சக்ரா பெற்ற ஜோகிந்தர் சிங் ஒரு சுபேதார். 1987இல் சியாச்சினில் பனிச்சுவர் ஏறி எதிரியின் காவல்நிலையைக் கைப்பற்றிய பாணா சிங் ஒரு நாயிப் சுபேதார். அந்த உச்சிக்கு இன்று அவர் பெயர்தான். டைகர் ஹில்லில் போரிட்ட யோகேந்திர சிங் யாதவ் 19 வயதில் பரம்வீர் சக்ரா பெற்றார். சிப்பாய்களின் வரிசையிலிருந்தே உயர்ந்து, கௌரவ கேப்டனாக ஓய்வு பெற்றார். அந்தக் கௌரவ கமிஷன் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் தேர்ந்த ஜே.சி.ஓ.க்களுக்கு வழங்கப்படுகிறது.

ஆனால் ஜே.சி.ஓ. பதவி தானாக வந்துவிடாது. அது காலியிடத்தைப் பொறுத்தது. ஒரு ரெஜிமென்ட்டில் சீக்கிரம் வரும், இன்னொன்றில் இழுக்கும். பல இடங்களில் இருபது ஆண்டுச் சேவையை ஒட்டித்தான் வருகிறது. கேடர் தேர்வு, கல்விச் சான்றிதழ், ஆண்டு ரகசிய அறிக்கை, மருத்துவத் தகுதி எல்லாம் சரியாக இருக்கவேண்டும். லீவு முடிந்தும் ஊரில் தங்கி வாங்கிய ஒரு ‘ரெட் இங்க்’ தண்டனைக்குறிப்பு, பத்து ஆண்டு கழித்துப் பதவி உயர்வில் வந்து நிற்கும். இளம் சிப்பாய்கள் இதை நம்புவதில்லை. நம்புங்கள்.

ஏ.சி.சி. வயதைத் தாண்டிவிட்டவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. 28 முதல் 35 வயதுக்குள் 5 ஆண்டுச் சேவை உள்ளவர்களுக்கு எஸ்.சி.ஓ. எனும் சிறப்புக் கமிஷன். 42 வயதுவரை, 10 ஆண்டுச் சேவை முடித்தவர்களுக்கு ஸ்பெஷல் லிஸ்ட் நிரந்தர கமிஷன். குவார்ட்டர் மாஸ்டர் போன்ற பொறுப்புகளுக்கு அனுபவசாலிகளை எடுக்கும் வழி அது. இந்த வரம்புகள் அவ்வப்போது மாறும் என்பதால் நடப்பு ஆண்டு அறிவிப்பை யூனிட் அலுவலகத்தில் கேட்டுப் படியுங்கள். 38 வயதில், நாயிப் சுபேதார் பதவி அடுத்த ஆண்டு வரும் என்ற நிலையில் இருப்பவர் ஸ்பெஷல் லிஸ்ட்டுக்குப் போவதற்கு முன் மனைவியோடு உட்கார்ந்து பேசவேண்டும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது புது இடம், புது மெஸ், தன்னைவிடப் பத்து வயது இளையவரான மேஜர் என்று எல்லாம் ஒன்றாக வரும்.

எஸ்.எஸ்.பி. பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுப் பையன்கள் அதிகம் தடுக்கி விழுவது அங்கேதான். பெங்களூரு, போபால், பிரயாக்ராஜ் போன்ற ஊர்களில் ஐந்து நாள் நடக்கும். முதல் நாளிலேயே ஒரு பெரிய பகுதியினரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மீதிப்பேருக்கு உளவியல் தேர்வு, மைதானத்தில் குழுப் பணி, நேர்முகம். ஒரு சொல் திரையில் வரும், 15 வினாடிக்குள் ஒரு வாக்கியம் எழுதவேண்டும். அப்படி 60 சொற்கள். அடுத்து 60 சூழ்நிலைகள்: இப்படி நடந்தால் நீ என்ன செய்வாய்? சிப்பாயாகப் பழகியவர் பாதிக் கேள்விக்கு ‘மேலதிகாரியிடம் தெரிவிப்பேன்’ என்று எழுதிவிடுகிறார். படையில் அது சரியான பழக்கம். அந்த அறையில் அது போதாது. நீங்களே என்ன முடிவெடுப்பீர்கள் என்பதைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். யூனிட்டிலேயே பழகுங்கள்: ரோந்து முடிந்து வந்ததும், நான் பிளட்டூன் கமாண்டராக இருந்தால் எங்கே ஆளை நிறுத்தியிருப்பேன் என்று கேட்டுப்பாருங்கள்.

அடுத்தது ஆங்கிலம். பாரக்கில் இந்தி தானாக வந்துவிடும், ஆங்கிலம் வராது. இன்ஃபர்மேஷன் ரூமில் கிடக்கும் ஆங்கில நாளிதழைத் தினம் ஒரு பக்கம் உரக்கப் படியுங்கள். ஒரு தலைப்பை எடுத்து 3 நிமிடம் நின்று பேசுங்கள். எஸ்.எஸ்.பி.யிலும் அதே அளவு நேரம்தான். இலக்கணப் பிழைக்குப் பயந்து வாயை மூடிக்கொள்பவரைவிட, பிழையோடு தெளிவாகப் பேசுபவருக்குக் குழுவில் இடமுண்டு.

ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கையையும் இப்போதே பாருங்கள். சிப்பாய் முதல் ஜே.சி.ஓ. வரை 15 ஆண்டிலும், அதிகாரிக்கு 20 ஆண்டிலும் ஓய்வூதியத் தகுதி வருகிறது. நாற்பதுகளில் ஊர் திரும்பும் ஜே.சி.ஓ.வுக்கு அரசு வேலைகளில் முன்னாள் படைவீரர் ஒதுக்கீடு உண்டு. 1986இல் தொடங்கிய தமிழக அரசின் டெக்ஸ்கோ மூலம் பாதுகாப்புப் பணியும் கிடைக்கிறது. ஐம்பத்து நான்கில் திரும்பும் அதிகாரியின் ஓய்வூதியம் பெரிது, இரண்டாவது வேலைக்கான காலம் குறைவு. நிலமும் வயதான பெற்றோரும் ஊரில் இருப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

என் கருத்தைக் கேட்டால்: 25க்குக் கீழே, படிக்கும் பழக்கம் விடாமல், பொறுப்பை விரும்பி எடுப்பவர் தயங்காமல் ஏ.சி.சி. எழுதவேண்டும். 30ஐத் தாண்டி, பட்டாலியனிலேயே உயிரை வைத்திருப்பவர் சுபேதார் மேஜர் நாற்காலியை இலக்காக வைத்துக்கொள்ளட்டும். இடையில் இருப்பவர்கள் இரண்டுக்கும் சேர்த்தே தயாராகலாம். எஸ்.எஸ்.பி.யில் தேறாமல் யூனிட்டுக்குத் திரும்புவது ஜே.சி.ஓ. உயர்வுக்குத் தடையில்லை. விண்ணப்பம் கமாண்டிங் ஆபீசர் வழியாகத்தான் போகவேண்டும். அதனால் அறிவிப்பு வருவதற்குச் சில மாதம் முன்பே கம்பெனி கமாண்டரிடம் எண்ணத்தைச் சொல்லி, பிளஸ் டூ சான்றிதழில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் சர்வீஸ் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, தப்பிருந்தால் அடுத்த லீவிலேயே திருத்திவிடுங்கள்.