பீரங்கி இழுத்த காளைகள்

தங்கவயல் மாணவன் எவனைக் கேட்டாலும் சுரங்கக் கதையைத்தான் சொல்வான். நானும் அப்படித்தான் இருந்தேன். நம் ஊருக்கு அருகிலுள்ள பூதிக்கோட்டையே ஹைதர் அலி பிறந்த ஊர் என்று அறிந்த பின்னரே, என் கவனம் பழைய போர்க்களங்களின் பக்கம் திரும்பிற்று. அங்கே என்னைக் கவர்ந்தவர்கள் நாற்கால் வீரர்கள்!

பீரங்கியை முதுகிலேயே சுமந்தது ஒட்டகம். சுழலும் சிறு பீரங்கியைச் சேணத்தில் பொருத்தி, ஒட்டகத்தை மண்டியிடச் செய்து சுடுவார்கள். பாரசீகர் இதனை 'ஜம்பூரக்' என்றனர். 'ஜம்பூர்' என்றால் குளவி. 1761-இல் பானிப்பட்டில் அப்தாலியின் குளவிகள் மராட்டியரைக் கொட்டின.

மைசூருக்குக் கைகொடுத்தது காளை. சிக்கதேவராய உடையார் காலத்தில் அரண்மனைக்குப் பாலும் வெண்ணெயும் தந்த மாட்டுப் பண்ணைக்குக் கன்னடத்தில் 'பெண்ணெ சாவடி' என்று பெயர். வெண்ணெய்ச் சாவடி என்பது பொருள். அதன் காளைகளை ஹைதர் பீரங்கியில் பூட்டினார். திப்பு அதற்கு 'அமிர்த மஹால்' எனப் புதுப்பெயர் சூட்டினார். இவ்வினம் பருத்ததன்று, ஒல்லியானது, முரட்டுக் குணமுடையது, ஆனால் நடையில் சலியாதது. 1781-இல் சிதம்பரத்தைக் காக்க ஹைதர் இரண்டரை நாளில் நூறு மைல் விரைந்தார் என்பது பழங்குறிப்பு. பரங்கிப்பேட்டையில் அவர் தோற்றது உண்மையே. எனினும், தோற்ற களங்களிலும் பகைவர் கண்ணெதிரே அவருடைய பீரங்கிகளை இழுத்துச் சென்று காத்தவை இக்காளைகளே. தோல்வியிலும் படை அழியாதிருந்த காரணம் இதுதான் என்பேன்.

எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். 1791-இல் காரன்வாலிஸ் முளபாகல், கோலார் வழியாக, அதாவது நம் வாசல் வழியாகவே, வந்து பெங்களூரைப் பிடித்தார். மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தின் அருகே திப்புவின் படையைக் களத்தில் வென்றும் விட்டார். ஆனால் தீனியின்றி அவருடைய மாடுகள் மாண்டன. இழுக்க ஆளேது? கோட்டையை உடைக்கக் கொண்டுவந்த பெரும் பீரங்கிகளைத் தம் கையாலேயே அழித்துவிட்டுப் பின்வாங்கினார். வென்ற தளபதியை மாட்டுத் தீனி திருப்பி அனுப்பிற்று! அடுத்த ஆண்டு முழு ஏற்பாட்டுடன் வந்தபோதுதான் திப்பு பணிய நேர்ந்தது.

1799-இல் திப்பு வீழ்ந்ததும், ஆங்கிலேயர் அந்த மந்தையையும் தமதாக்கிக் கொண்டு, தங்கள் பீரங்கிகளுக்கே காளை வளர்த்தனர். அதன் வழித்தோன்றல்களை இன்றும் சிக்கமகளூர் மாவட்டத்து அஜ்ஜம்புரப் பண்ணையில் காணலாம்.