லேண்ட் ரோவரின் பின் ஸ்பிரிங்குகளை மாற்றும் முறை

தோட்டப்புற மக்களுக்கு லேண்ட் ரோவர் புதிய வாகனமன்று. 1948ஆம் ஆண்டில் அறிமுகமான அவ்வாகனம், செம்மண் சேற்றிலும் மேட்டுப் பாதையிலும் ஆளையும் சரக்கையும் சுமந்து உழைத்தது. 'சீரிஸ்' எனப்படும் அதன் பழைய வகைகள் 1985ஆம் ஆண்டு வரை உற்பத்தியாயின. அவை பட்டை ஸ்பிரிங்குகளின் மீதே நின்றன. அவற்றைப் பேணி ஓட்டுவோருக்கும், பட்டறைத் தொழில் பயிலும் இளைஞர்களுக்கும் உதவும் பொருட்டு, பின் ஸ்பிரிங்குகளை மாற்றும் முறையை இங்கு விளக்குகிறோம்.

எப்போது மாற்ற வேண்டும்?

டயர்களில் காற்றைச் சமமாக நிரப்பி, வெற்று வண்டியைச் சமதரையில் நிறுத்திய பின்னும் பின்புறம் அமுங்கியோ சாய்ந்தோ இருந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது எனலாம். பட்டை முறிந்திருந்தால் உடனே மாற்றுதல் வேண்டும். இரு பக்கங்களையும் ஒன்றாகவே மாற்றுவது நன்று. ஓட்டுநர் பக்க ஸ்பிரிங் மறுபக்கத்தினின்றும் சற்று வேறுபட்டிருக்கும் வகைகளும் உண்டு. ஆதலின் வாங்கும்போதே பக்கத்தைக் கேட்டறிக.

உயிர் காக்கும் விதி

இவ்வண்டியின் கைப்பிரேக் சக்கரங்களை நேரே பிடிப்பதில்லை. கியர்ப் பெட்டிக்குப் பின்னால் உள்ள சுழல்தண்டையே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழுந்தவுடன் அது தடையின்றிச் சுழலும். தரையிலுள்ள மற்றச் சக்கரமும் உருளத் தொடங்கும். கைப்பிரேக்கை இழுத்துவிட்டோமே என்று நம்பியிருப்பவர் மீது வண்டி சாயக்கூடும்! ஆகவே, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டைகளை அணைகொடுத்த பின்னரே வண்டியைத் தூக்குக. ஜாக்கி என்பது தூக்குவதற்கேயன்றித் தாங்குவதற்கன்று. கெட்டித் தரையில், வண்டிச் சட்டத்தின் அடியில் இரும்புத் தாங்கிகளை நிறுத்தாமல் எவரும் அடியில் புகலாகாது.

மாற்றும் முறை

1. துருப்பிடித்த நட்டுகளுக்கு முதல்நாள் இரவே எண்ணெய் விடுக.

2. சக்கரத்தைக் கழற்றி, அச்சின் அடியில் ஜாக்கியை வைத்து அதன் பளுவைத் தாங்குக. அச்சு தொங்கினால் பிரேக் குழாய் இழுபட்டு அறுந்துவிடும்.

3. ஷாக் அப்சார்பரின் கீழ்முனையையும், பின்னர் யூ போல்ட்டுகளையும் அடித்தகட்டையும் கழற்றுக.

4. இரு முனைகளிலுள்ள போல்ட்டுகளை நீக்கி ஸ்பிரிங்கை எடுக்க. ஒரு பக்கத்தை முடித்த பின்பே மறுபக்கத்தைத் தொடுக.

5. புதிய ஸ்பிரிங்கைப் பொருத்துகையில், அதன் நடுப் போல்ட்டின் தலை அச்சிலுள்ள குழியில் சரியாக அமர வேண்டும். பழைய யூ போல்ட்டுகள் நீண்டு தளர்ந்திருக்கும், புதியவற்றையே இடுக.

இறுதி முறுக்கு

முனைப் போல்ட்டுகளை முதலில் இலேசாகவே முறுக்குக. சக்கரங்களை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பளு முழுவதும் ஸ்பிரிங் மீது அமர்ந்த பின்னரே இறுக முறுக்குதல் வேண்டும். காரணம் யாது? ஸ்பிரிங்கின் கண்ணுக்குள் இருப்பது ரப்பர் புஷ். வண்டி தொங்கும் நிலையிலேயே இறுக்கிவிட்டால், தரையில் இறங்கியதும் அந்த ரப்பர் ஓயாது முறுக்குண்டு விரைவில் கிழிந்துபோகும். பால்மரம் தந்த பொருளின் அருமையை நாம் அறியாதவர்களா?

சில நாள்கள் ஓட்டிய பின் யூ போல்ட் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்திடுக.

ஒரு பகற்பொழுதில் முடியும் வேலை இது. அணைக்கட்டை இடுவதற்கும் தாங்கி நிறுத்துவதற்கும் கால்மணி நேரமே ஆகும். அதனை மிச்சப்படுத்த எண்ணி உயிரைப் பணயம் வைக்காதிருப்போமாக.