கோடு கடந்த வண்ணம்

நுழையும்முன்

ஓர் ஓவியத்தின் முன் நிற்பவர் மனத்தில் முதலில் எழும் வினா, ‘இது என்ன?’ என்பதே. மரம், மலை, மனிதர் என விடை கிடைத்தவுடன் மனம் அமைதி கொள்கிறது. விடை கிடைக்காத ஓவியமோ பார்வையாளரைத் தயங்கச் செய்கிறது. உருவங்களை வரைவதில் புகழ்பெற்ற ஒரு கலைஞர், அப்புகழ் நிலைத்திருந்த காலத்திலேயே உருவமற்ற வண்ணங்களின் பக்கம் திரும்பினார். அவரது பயணத்தையும், அதன் வழியே அரூப ஓவியத்தைக் காணும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

பொருநைக் கரையில் இருவகைக் கலைகள்

தாமிரபரணியோடு கடனாநதி கலக்குமிடத்தில் அமைந்துள்ளது திருப்புடைமருதூர். அங்குள்ள நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்நிலைகளில் ஏறிச் செல்வோர் சுவர் முழுவதும் ஓவியங்களைக் காணலாம். தெய்வங்கள், போர்வீரர்கள், குதிரைகளை ஏற்றிவரும் கப்பல் என ஒவ்வொன்றும் ஒரு கதையைச் சொல்லும். குற்றாலத்துச் சித்திரசபையிலும் இத்தகைய ஓவியச் செல்வம் உண்டு. இவை உருவத்தால் பேசும் கலைகள்.

அதே ஆற்றங்கரையில் பத்தமடை இருக்கிறது. அங்குக் கோரைப்புல்லால் நெய்யப்படும் பாயில் கதை ஏதும் இல்லை. பட்டையும் கட்டமும் வண்ணமுமே உள்ளன. ஆயினும், ‘இந்தப் பாயின் பொருள் என்ன?’ என்று எவரும் கேட்பதில்லை. அதன் அழகு கண்ணுக்கு நேரே விளங்கிவிடுகிறது. வாசலில் இடப்படும் புள்ளிக்கோலமும் அவ்வாறே.

இசைக்கும் இது பொருந்தும். பொருநை நாடு தந்த நாகசுர மேதை காருகுறிச்சி அருணாசலம் (1921 – 1964) ஓர் இராகத்தை ஆலாபனை செய்தபோது அதில் சொற்கள் இல்லை, கதை இல்லை. ஆயினும் கேட்டோர் உருகினர். சொல்லின்றி இசை மனத்தைத் தொடுமாயின், உருவமின்றி வண்ணம் மனத்தைத் தொட இயலாதா? இவ்வினாவுக்குத் தம் வாழ்நாள் உழைப்பால் விடை தந்த தமிழ் ஓவியர்களுள் ஒருவர் கே.எம். ஆதிமூலம்.

கீராம்பூரிலிருந்து சென்னைக்கு

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் துறையூரை அடுத்துள்ள கீராம்பூர் என்னும் சிற்றூரில் 1938 ஆம் ஆண்டு ஆதிமூலம் பிறந்தார். ஓவிய ஆர்வம் அவரைச் சென்னைக்கு அழைத்து வந்தது. சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டுதலைப் பெற்று, சென்னை அரசு கலை மற்றும் கைவினைக் கல்லூரியில் சேர்ந்து 1960களின் முற்பகுதியில் பயின்றார்.

அக்காலம் தென்னிந்திய ஓவிய வரலாற்றில் ஒரு திருப்புமுனை. கல்லூரியின் முதல்வராக விளங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். மேலைநாட்டு நவீன ஓவியத்தை அப்படியே பின்பற்றுவதா, பழைய மரபையே மீண்டும் வரைவதா என்னும் குழப்பம் அந்நாளைய இளம் ஓவியர்களிடையே நிலவியது. இரண்டையும் தாண்டி, இம்மண்ணின் கோடுகளிலிருந்தும் குறியீடுகளிலிருந்தும் புதிய ஓவிய மொழியை உருவாக்க வேண்டும் என்று பணிக்கர் கருதினார். அவரது முயற்சியால் 1966 இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமம் தோன்றியது. இச்சூழலே ஆதிமூலத்தின் கலைப்பார்வையை வளர்த்தது.

ஓவியம் விற்று வாழ்வது அரிதாக இருந்த காலம் அது. நெசவாளர் பணி மையத்தில் வடிவமைப்பாளராகப் பணியாற்றியபடியே ஆதிமூலம் தம் கலையைத் தொடர்ந்தார். கைத்தறித் துணிக்குப் புதிய வடிவங்களை உருவாக்கும் அம்மையத்தின் பணி, வண்ணங்களின் உறவை நாள்தோறும் கண்முன் நிறுத்துவது. ஒரே ஊடைநூல், பாவுநூலின் நிறம் மாறும்போது வேறொரு நிறமாகத் தோன்றும். எந்த வண்ணமும் தனித்து நிற்பதில்லை. அருகிலுள்ள வண்ணமே அதன் தன்மையை முடிவு செய்கிறது. தறி கற்பிக்கும் இப்பாடம் அவருடைய பிற்கால ஓவியங்களோடு பொருத்திக் காணத்தக்கது.

கோட்டின் ஆற்றல்

ஆதிமூலத்துக்கு முதலில் புகழ் தேடித் தந்தவை கோட்டோவியங்கள். காந்தியடிகளின் நூற்றாண்டான 1969 ஐ ஒட்டி, அண்ணலின் வாழ்வின் பல்வேறு பருவங்களை ஏறத்தாழ நூறு கோட்டோவியங்களாக வரைந்தார். மெலிந்த உடலின் உறுதியும் நடையின் விரைவும் முகத்தின் கனிவும் கறுப்பு மையின் கோடுகளில் உயிர்பெற்றன.

மையில் வரையப்படும் கோட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அதனை அழித்துத் திருத்த இயலாது. கை தயங்கினால் கோடும் தயங்கும். அத்தயக்கம் தாளில் நிலைத்துவிடும். எனவே கண் காண்பதும் மனம் முடிவு செய்வதும் கை இயங்குவதும் ஒரே கணத்தில் நிகழ வேண்டும். ஒரே மனிதரை நூறுமுறை வரைந்த கைக்கு, சிந்தித்துத் திட்டமிடுவதற்கு முன்பே இயங்கும் பழக்கம் வாய்க்கிறது. உள்ளுணர்வு எனப்படுவதன் வேர் இத்தகைய பயிற்சியிலேயே உள்ளது.

அதன்பின் அவர் வரைந்த மன்னர் வரிசை ஓவியங்கள் வேறொரு திசையில் சென்றன. மகுடமும் அணிகலனும் பூண்ட அரசர்கள் அவற்றில் காட்சியளிப்பர். ஆனால், அப்பெருமிதத்தின் ஊடே சிதைவும் வெறுமையும் தெரியும். உருவத்தை வரையும்போதே அதனை உடைத்துப் பார்க்கும் போக்கு இங்குத் தொடங்கிவிட்டது.

கரிசல் கண்ட கோடுகள்

ஆதிமூலத்தின் கலை காட்சிக்கூடங்களோடு நின்றுவிடவில்லை. சிற்றிதழ்களிலும் வெகுமக்கள் இதழ்களிலும் அவரது கோடுகள் இடம்பெற்றன. நூல் அட்டைகளுக்கும் தலைப்புகளுக்கும் அவர் வரைந்த தமிழ் எழுத்துகள் அச்சு எழுத்தின் இறுக்கத்தை உடைத்துப் புதிய அழகைத் தந்தன. கவிஞர் ஞானக்கூத்தனின் ‘அன்று வேறு கிழமை’ தொகுப்பு அவரது ஓவியங்களோடு வெளிவந்தது.

இவ்வகையில் குறிப்பிடத்தக்கது, கி. ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’. கி.ரா. பிறந்த இடைசெவல், அந்நாளில் பரந்துபட்ட திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆற்றுப் பாசனம் பெற்ற பொருநைச் சமவெளிக்கு வடக்கே, மழையை மட்டுமே நம்பி விரியும் கறுப்பு மண் பூமி அது. 1980களில் ஜூனியர் விகடன் இதழில் வெளிவந்த அத்தொடருக்கு ஆதிமூலம் ஓவியம் வரைந்தார். கரிசல் சம்சாரிகளின் சுருக்கம் விழுந்த முகமும் தலைப்பாகையும் உழைத்துத் தேய்ந்த உடலும் அவரது கோடுகளில் வெளிப்பட்டன. அதுவரை நவீன ஓவியத்தைக் கண்டிராத பல்லாயிரம் வாசகர்கள், அவ்வாறு ஒன்று இருப்பதை அறியாமலேயே அதனை இரசிக்கத் தொடங்கினர்.

உருவம் நீங்கிய வெளி

வாசகர்கள் அவரைக் கோட்டோவியராகக் கொண்டாடிய அதே ஆண்டுகளில், அவருடைய கித்தான்களில் வேறொன்று நிகழ்ந்துகொண்டிருந்தது. கோடு மறைந்தது, முகம் மறைந்தது. அடர்த்தியான எண்ணெய் வண்ணங்கள் மட்டும் பரவின. ‘வெளி’ என்பதே அவ்வோவியங்களின் கருப்பொருள். அகன்ற நீலத்தின் நடுவே கீறப்பட்ட வெண்மை, செம்மண் நிறத்தின் விளிம்பில் ஒளிரும் மஞ்சள், ஒன்றன்மீது ஒன்றாகப் படிந்து இடையிடையே உடைந்து உள்நிறத்தைக் காட்டும் திட்டுகள் என அவை விரிந்தன. நிலம், நீர், வானம் ஆகியவற்றின் நினைவு அவற்றில் உண்டு. ஆனால், அவற்றின் உருவம் இல்லை.

இம்மாற்றம் எளிதன்று. ஒரு கலைஞரை மக்கள் எதற்காகப் போற்றுகிறார்களோ, அதனையே திரும்பத் திரும்பச் செய்வது பாதுகாப்பானது. காந்தியின் முகத்தைக் கண்டு மகிழ்ந்த பார்வையாளர், வெறும் நீலத்தின் முன் ‘புரியவில்லை’ என்று விலகிச் செல்லக்கூடும். அந்த இடரை ஆதிமூலம் ஏற்றார். கோட்டை அவர் வெறுத்து ஒதுக்கவில்லை. இதழ்களுக்குத் தொடர்ந்து வரைந்தார். கோட்டால் சொல்ல முடியாத ஒன்றை வண்ணத்தால் தேடினார். 2008 ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மறையும்வரை அத்தேடல் நீடித்தது.

உலக ஓவிய வரலாற்றிலும் இத்தகைய திருப்பங்கள் உண்டு. உருசிய ஓவியர் காண்டின்ஸ்கி (1866 – 1944) ஒருநாள் அந்திப்பொழுதில் தம் பணிக்கூடத்துக்குள் நுழைந்தபோது, பொருள் விளங்காத, ஆனால் பேரழகு வாய்ந்த ஓர் ஓவியத்தைக் கண்டு திகைத்தார். அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த அவருடைய ஓவியமே என்பது பின்னர் விளங்கியது. உருவம் அடையாளம் தெரியாமற் போனபோது வண்ணத்தின் ஆற்றல் வெளிப்பட்டது என்பதை அவர் உணர்ந்தார். இந்தியாவில் வி.எஸ். காயதொண்டே (1924 – 2001) நெடுநேரம் அமைதியில் ஆழ்ந்திருந்து, ஆண்டுக்குச் சில ஓவியங்களை மட்டுமே படைத்தார்.

உள்ளுணர்வு என்பது யாது?

அரூப ஓவியம் ‘தோன்றியபடி தீட்டுவது’ என்று சிலர் கருதுவர். தோன்றுவது உண்மை, ஆனால், அது யாருக்குத் தோன்றுகிறது என்பதே முதன்மையானது.

முன்வரைவின்றித் தொடங்கும் ஓவியர், வெற்றுக் கித்தானில் முதலில் ஒரு வண்ணத்தை இடுகிறார். அவ்வண்ணம் ஒரு வினாவாகிறது. அதற்கு மறுமொழியாக அடுத்த வண்ணம் அமைகிறது. இரண்டும் முரண்பட்டால் மூன்றாவது வண்ணம் அவற்றை இணைக்கிறது. அல்லது, தட்டைக்கத்தியால் ஒன்றைச் சுரண்டி நீக்க நேர்கிறது. எண்ணெய் வண்ணம் மெல்லவே உலர்வதால், ஓர் அடுக்குக்கும் அடுத்த அடுக்குக்கும் இடையே நாள்கள் கழியலாம். அந்நாள்களில் ஓவியர் தூரிகையைத் தொடுவதில்லை, பார்த்துக்கொண்டிருக்கிறார். எங்கே நிறுத்துவது என்பதை அறிவதே இறுதித் தேர்வு. ஒரு தீற்றல் கூடினாலும் ஓவியம் மூச்சு முட்டும். குறைந்தால் வெறுமை மிஞ்சும்.

தேர்ந்த உழவர் மண்ணைக் கையில் எடுத்த அளவில் ஈரத்தின் பதத்தை அறிகிறார். எப்படி அறிந்தார் என்று கேட்டால் அவரால் விளக்க இயலாமற் போகலாம். ஆனால், அவ்வறிவு பொய்யன்று. பல்லாண்டு உழைப்பு உடலில் படிந்து உணர்வாகியிருக்கிறது. ஓவியரின் உள்ளுணர்வும் அத்தகையதே. அது பயிற்சிக்கு மாற்று அன்று, பயிற்சியின் கனி.

அகமரபும் அரூபமும்

உருவத்தை விலக்கி உணர்வை நிறுத்தும் முறை தமிழ் மரபுக்குப் புதிதன்று. அகப்பாடல்களில் தலைவன், தலைவியின் இயற்பெயர் சுட்டப்படுவதில்லை. பெயர் நீங்கியதால், ஒருவருடைய காதல் எல்லாருடைய காதலும் ஆகிறது. பிரிவைச் சொல்லப் பாலையும் காத்திருத்தலைச் சொல்ல முல்லையும் போதுமானவை. நிலமே உணர்வின் மொழியாகிறது. உருவம் என்னும் பெயரை நீக்கிவிட்டு, வெளியையும் வண்ணத்தையும் உணர்வின் மொழியாக்கும் அரூப ஓவியம் இம்மரபுக்கு உறவுடையது.

ஆகவே, அத்தகைய ஓவியத்தின் முன் கேட்கத்தக்க வினா, ‘இது என்ன?’ என்பதன்று, ‘இது என்னுள் என்ன செய்கிறது?’ என்பதே. அதற்குத் தேவை சிறிது பொறுமை.

பொருநைப் பாசன வயல்களைக் காண்போர் அப்பொறுமையை எளிதில் பழகலாம். ஒரே வயல், கார்ப்பருவத்து நாற்றங்காலில் இளம்பச்சையாகவும், பிசானத்தின் வளர்ச்சியில் கரும்பச்சையாகவும், அறுவடைக்கு முன் பொன்னாகவும், அதன்பின் தாளடியின் மங்கிய மஞ்சளாகவும் மாறுகிறது. கால்வாய் நீர் கட்டி நிற்கும் நாளில் அது வானமாகவே ஆகிவிடுகிறது. தொலைவிலிருந்து நோக்கினால் பயிரும் வரப்பும் மறைந்து வண்ணம் மட்டுமே எஞ்சும். அந்த எஞ்சுதலைக் காணும் கண்ணுக்கு, உருவமற்ற ஓவியம் அயலானதன்று.

தெரிந்து தெளிவோம்

சென்னை அரசு கலை மற்றும் கைவினைக் கல்லூரி, 1850 இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரால் கலைப்பள்ளியாகத் தொடங்கப்பட்டது. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், சிற்பி எஸ். தனபால் முதலியோர் இதன் முதல்வர்களாகப் பணியாற்றியுள்ளனர். சென்னை மெரினா கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலை, ராய் சௌத்ரி உருவாக்கியதாகும்.

சொல்லும் பொருளும்

அரூபம் – உருவமின்மை
கித்தான் – ஓவியம் தீட்டும் தடித்த துணி
ஊடைநூல் – தறியில் குறுக்கே செல்லும் நூல்
பாவுநூல் – தறியில் நெடுக்கே அமையும் நூல்
தீற்றல் – தூரிகையால் இடும் பூச்சு
சம்சாரி – உழவர் (வட்டார வழக்கு)
கார், பிசானம் – நெல் சாகுபடிப் பருவங்கள்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் ஒரே இடத்தைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளில் கண்டு, உருவங்களைத் தவிர்த்து வண்ணங்களை மட்டும் தாளில் பதிவு செய்க. மூன்றையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

2. பாடலின்றி இசைக்கருவியில் மட்டும் வாசிக்கப்பட்ட ஓர் இராகத்தைக் கேட்டு, அது உங்கள் மனத்தில் எழுப்பிய உணர்வைப் பத்து வரிகளில் எழுதுக.

சிந்தித்து விடையளிக்க

1. உள்ளுணர்வு ‘பயிற்சியின் கனி’ எனப்படுவது ஏன்? பாடப்பகுதியிலிருந்து சான்று தருக.

2. புகழ் தந்த கலைவடிவத்தோடு நின்றுவிடாமல் புதியதைத் தேடுவதால் ஒரு கலைஞர் இழப்பவை யாவை? பெறுபவை யாவை?

3. அகப்பாடல் மரபையும் அரூப ஓவியத்தையும் ஒப்பிட்டு ஒரு கட்டுரை வரைக.