காக்ளியர் கருவியும் தமிழ் ஒலிகளும்: ஐந்தாம் அறிவை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

மனித உடலோடும் மனத்தோடும் கணினி இணைவதைப் பற்றிப் பேசும்போது அறிவியல் புனைகதைகளே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவ்விணைவு தமிழகக் குழந்தைகள் பலரின் செவியில் ஏற்கெனவே நிகழ்ந்துள்ளது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், செவித்திறன் குன்றிய ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை இடம்பெற்றுள்ளது. இக்கருவி வழியாகத் தமிழ் ஒலிகள் எவ்வாறு செவியை அடைகின்றன, அக்குழந்தையின் பேச்சை எந்த அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஐந்தாம் அறிவும் கணினியும்

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு ஈறாக வகுக்கிறது. மெய், நா, மூக்கு, கண், செவி, மனம் என்பது அவ்வறிவுகளின் வரிசை. செவியை அடுத்து மனம் வைக்கப்பட்டிருப்பது இங்குக் கருதத்தக்கது.

சாதாரணக் காதுக்கருவி ஒலியைப் பெருக்கித் தருவது. காக்ளியர் கருவியோ ஒலியை மின்குறிப்புகளாக மாற்றுவது. காதின் புறத்தே அணியும் ஒலிவாங்கி பெறும் பேச்சை அதனுடன் இணைந்த சிறு கணினி அதிர்வெண் வாரியாகப் பிரிக்கிறது. தோலுக்கடியில் உள்ள ஏற்பி, நத்தைச் சுருளுக்குள் செருகப்பட்ட மின்முனைகள் வழியே கேள்நரம்பைத் தூண்டுகிறது. இயற்கைச் செவியில் ஏறத்தாழ 3,500 உள்மயிரணுக்கள் ஆற்றும் பணியை, இன்று வழக்கிலுள்ள கருவிகளில் 12 முதல் 22 வரையிலான மின்முனைகள் ஏற்கின்றன. எனவே மூளைக்குக் கிடைப்பது ஒலியின் சுருக்கமே. அச்சுருக்கத்தை மொழியாக விரித்துக்கொள்ளும் ஆற்றல் இளமையில் மிகுந்திருப்பதாலேயே வயது வரம்பு முதன்மை பெறுகிறது.

தமிழ் ஒலிகளும் கருவியின் எல்லையும்

இக்கருவி ஒலியின் கால அளவை நன்கு உணர்த்தும். ஒலியின் நுண்ணிய அதிர்வெண் வேறுபாடுகளை அவ்வளவாக உணர்த்தாது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரு மாத்திரை. ஆகவே ‘படு – பாடு’ என்னும் குறில் நெடில் வேறுபாடும், ‘புளி – புள்ளி’ என்னும் ஒற்றிரட்டலும் குழந்தைக்கு ஒப்பீட்டளவில் எளிதில் எட்டக்கூடியவை. ‘மனம் – மணம்’, ‘வலி – வளி – வழி’ போன்றவை நாவின் இடத்தால் வேறுபடுவன. அவ்வேறுபாடு அதிர்வெண்ணில் அமைவதால் இவை அரியவை. இங்கே தொல்காப்பியப் பிறப்பியல் பயிற்சிக்குத் துணையாகும். நா எங்கே ஒற்றுகிறது, எங்கே வருடுகிறது என அது காட்டும் இடங்களைக் குழந்தை கண்ணாலும் தொடுவுணர்வாலும் அறியலாம்.

வட்டார வழக்கும் மதிப்பீடும்

கேட்கும் செவிக்கேற்ப ஒலி திரிதல் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் வணிகத்தளம் அமைத்த சதுரங்கப்பட்டினம் ஐரோப்பியர் வழக்கில் ‘சட்ராஸ்’ ஆயிற்று. இவ்வூரை உள்ளடக்கிய செங்கல்பட்டு வட்டாரத்திலும் சென்னையிலும் பேச்சுவழக்கில் ழகரம் யகரமாக ஒலிப்பது உண்டு. ‘பழம்’ அங்குப் ‘பயம்’ ஆகும்.

இவ்வழக்குடைய வீட்டில் வளரும், கருவி பொருத்திய குழந்தையொன்று பழத்தைக் காட்டிப் ‘பயம்’ என்று கூறுவதாகக் கொள்வோம். எழுத்துத் தமிழை மட்டும் அளவுகோலாகக் கொண்டவர் அதனைப் பிழையென்று குறிப்பார். கருவியின் அமைப்பையோ குழந்தையின் நாவையோ ஐயுறுவார். உண்மையில் அக்குழந்தை தன் தாய் சொல்வதைச் சரியாகக் கேட்டுச் சரியாகவே திருப்பிச் சொல்லியிருக்கலாம். கேட்டலில் பெற்ற வெற்றி பேச்சுக்குறையாகப் பதிவாகிவிடும். ஆதலின், மதிப்பீட்டுக்கு முன் வீட்டாரின் ஒலிப்பைப் பதிவுசெய்து அதனோடு குழந்தையின் ஒலிப்பை ஒப்பிடல் வேண்டும். எழுத்து வழக்கின் ழகரத்தைப் பள்ளிப் பருவத்தில் தனியே பயிற்றலாம்.

முடிவுரை

மின்முனைகளின் எண்ணிக்கையைப் பெருக்குதல் பொறியியலார் பணி. வட்டாரந்தோறும் ஒலிப்பட்டியல்களும் வேற்றுமை இணைச்சொற்களும் தொகுத்துப் பேச்சுப் பயிற்சியாளர்க்கு அளித்தல் தமிழாய்வாளர் பணி. மெய்யோடு உயிர் கூடிய உயிர்மெய்க்கு உயிரின் மாத்திரையே அளவாகிறது. செவியோடு கருவி கூடிய நிலையிலும் அக்குழந்தை பிறந்து வளரும் வீட்டின் பேச்சே அளவாதல் தகும்.