ஆறு முடியும் இடத்தில் ஒரு காடு
விடுமுறைப் பயணம் வகுப்பறைப் பாடமான அனுபவம்

காடுகள் பற்றிய பாடத்தைத் தஞ்சை வட்டாரத்துப் பள்ளிகளில் நடத்தும்போது ஓர் இடர்ப்பாடு வரும். நம் மாணவர்களுக்கு வயல் தெரியும், வாய்க்கால் தெரியும், தென்னந்தோப்பு தெரியும். காடு என்றதும் மலை, யானை, புலி என்று தொலைக்காட்சியில் கண்டதைச் சொல்வார்கள். நம் காவிரிப் படுகையிலேயே காடு இருக்கிறது என்றால் நம்பத் தயங்குவார்கள்.

கடந்த அரையாண்டு விடுமுறையில் நானும் கணவரும், ஒன்றாம் வகுப்பில் படிக்கும் மகளை அழைத்துக்கொண்டு முத்துப்பேட்டைக்கும் கோடியக்கரைக்கும் இரண்டு நாள் சென்று வந்தோம். அவள் கேட்ட கேள்விகள்தான் பின்னர் என் ஐந்தாம் வகுப்புக்குப் பாடத்திட்டமாக அமைந்தன. நம் ஆசிரியர்களுக்கும் பயன்படும் என்பதால் பகிர்கிறேன்.

ஆற்றோடு போன வழி

தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம், மன்னார்குடி வழியாகப் போனோம். நீடாமங்கலத்துக்கு அருகே மூணாறு தலைப்பில் வண்டியை நிறுத்தினோம். மேட்டூரில் திறந்து, கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாக வரும் தண்ணீர் இங்கே வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என மூன்றாகப் பிரிகிறது.

"அம்மா, இந்தத் தண்ணியெல்லாம் எங்க போவுது?" என்றாள் மகள்.

"நாமும் அது கூடவே போய்ப் பார்ப்போம்" என்றேன். விடையை உடனே சொல்லாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மன்னார்குடியில் பாமணியாற்றைக் கண்டதும் "நம்ம தண்ணி வந்துடுச்சு!" என்று கத்தினாள். ஆற்றை ஒரு பெயராக அல்லாமல், கூடவே வரும் ஒன்றாக அவள் பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

உப்பில் நிற்கும் மரங்கள்

ஜாம்புவானோடையிலிருந்து படகில் சென்றோம். இருபுறமும் அலையாத்தி மரங்கள். கரைச் சேற்றிலிருந்து பென்சில்களை நட்டு வைத்ததுபோல ஆயிரக்கணக்கான குச்சிகள் நீட்டிக்கொண்டிருந்தன. "யாரு இவ்வளவு குச்சி நட்டது?" என்று மகள் கேட்க, படகோட்டி சிரித்தார். "யாரும் நடல பாப்பா, அது வேரு. மூச்சு விட மேல வந்துருக்கு" என்றார். சேற்றில் காற்று மிகக் குறைவு. அதனால் மூச்சுவேர்கள் மேல்நோக்கி வளர்ந்து, சிறு துளைகள் வழியாகக் காற்றை உள்ளே எடுத்துக்கொள்கின்றன.

இரண்டு நாளாக மழை இல்லை. ஓர் இலையைத் தடவி விரலை நாக்கில் வைக்கச் சொன்னேன். முகத்தைச் சுளித்து, "உப்பு!" என்றாள். அலையாத்தி தான் உறிஞ்சும் உப்பில் ஒரு பகுதியை இலைச் சுரப்பிகள் வழியே வெளியேற்றுகிறது. நான் அரை மணி நேரம் விளக்கினாலும் அந்த ஒரு விரல்நுனி அளவுக்குப் புரிய வைத்திருக்க முடியாது.

உழவர் அறிந்த வைத்தியம்

இந்தக் காட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் மரங்களை மொத்தம் மொத்தமாக வெட்டினார்கள். வெட்டிய இடத்தில் மண் காய்ந்து பள்ளமானது. பள்ளத்தில் கடல்நீர் தேங்கி, வெயிலில் ஆவியாகி, உப்பு மட்டும் மிஞ்சியது. அலையாத்தியும் தாங்காத அளவுக்கு உப்பு ஏறியதால் அங்கே மரம் மீண்டும் முளைக்கவில்லை.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டின. ஓதத்தின்போது நீர் உள்ளே வந்து திரும்ப, தேங்கிய உப்பு குறைந்தது. அதன்பின் நட்ட கன்றுகள் பிழைத்தன. வடிகால் இல்லாத வயலில் நாற்று அழுகும் என்று அறிந்த நம் பிள்ளைகளுக்கு இதைப் புரிந்துகொள்ள அதிக விளக்கம் தேவையில்லை.

இன்னொரு கடல், இன்னொரு காடு

மறுநாள் கோடியக்கரை. 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இங்கே இருப்பது வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் குட்டையாக, தடித்த சிறிய இலைகளோடு இருக்கும். பாலை மரங்களுக்கு அப்பால் புல்வெளியில் வெளிமான்கள் மேய்ந்தன. ஆண்மான் கருமை, முறுக்கிய கொம்பு, பெண்மான் வெளிர்பழுப்பு. மகள் இருபது வரை எண்ணி நிறுத்திக்கொண்டாள். சதுப்புநிலத்தில் தொலைவில் பூநாரைகள் நின்றன.

முத்துப்பேட்டைக் காடும் கோடியக்கரையும் உட்பட 38,500 ஹெக்டேர் பரப்பு 2002இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள வேதாரண்யத்தின் பழம்பெயர் மறைக்காடு. திருவெண்காடு, தலையாலங்காடு என்று நம் ஊர்ப்பெயர்களிலும் காடு ஒளிந்திருக்கிறது. இதை மொழிப்பாடத்துக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பறையில் செய்தவை

பயணம் வர இயலாத மாணவர்களுக்காக நான்கு செயல்பாடுகளை வகுத்தேன்.

1. நீலக் கயிற்றால் தரையில் மேட்டூர் முதல் முத்துப்பேட்டை வரை ஆற்றை வரைந்தோம். ஒவ்வொருவரும் தம் ஊருக்கு ஒரு கல் வைத்தார்கள்.

2. ஒரு கிண்ணத்தில் நல்ல நீரும், மற்றொன்றில் இரண்டு தேக்கரண்டி உப்புக் கரைத்த ஒரு குவளை நீரும் எடுத்து, பச்சைப்பயற்றை ஊறவைத்தோம். மூன்றாம் நாள் ஒன்றில் முளை வந்தது, மற்றொன்றில் வரவில்லை. "அப்போ அலையாத்தி எப்படி டீச்சர் முளைக்குது?" என்ற கேள்வி மாணவர்களிடமிருந்தே வந்தது. அதன் விதை தாய்மரத்தில் இருக்கும்போதே முளைவிடத் தொடங்கி, விழுந்ததும் வேரூன்றத் தயாராக இருக்கிறது என்பதை அப்போது சொன்னேன்.

3. மணல் தட்டில் பள்ளம் செய்து நீர் ஊற்றி, மீன்முள் கால்வாய் வெட்டி வடிய வைத்தோம்.

4. காடு, வனம் என்று முடியும் ஊர்ப்பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பட்டியலிட்டு வந்தார்கள்.

ஒளிக்காமல் சொல்ல வேண்டியது

அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று இப்பகுதியில் சொல்வார்கள். ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்த கஜா புயலைப் பற்றி வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள் நம் மாணவர்கள். "காடு இருந்தும் எங்க வீடு ஏன் டீச்சர் விழுந்துச்சு?" என்று ஒரு மாணவி கேட்டாள். அவளுக்கு முழக்கத்தை விடையாகத் தர முடியாது. அலையாத்தி அலையின் வேகத்தைக் குறைக்கும். உள்ளூரில் வீசும் புயற்காற்றை நிறுத்தாது. அந்தப் புயலில் அலையாத்திக் காடே பெருஞ்சேதம் அடைந்தது. கோடியக்கரையிலும் மரங்கள் சாய்ந்தன, மான்கள் மடிந்தன. இதை அப்படியே சொன்னேன்.

சற்று நேரம் கழித்து அவளே, "அப்போ காட்டுக்கும் நம்மள மாதிரிதான்" என்றாள். காட்டைக் காக்க வேண்டும் என்று நான் எழுதிப் போட்டிருந்த வாக்கியத்தைவிட அது ஆழமானது. நம்மைக் காக்கும் சுவர் என்று மட்டும் காட்டைக் கற்பித்தால், ஒரு புயலில் அந்த நம்பிக்கை உடைந்துவிடும். நம் வயலுக்கு வரும் தண்ணீரின் மிச்சத்தில் வாழும் உறவு என்று கற்பித்தால் நிலைக்கும்.

களப்பயணம் திட்டமிடுவோர் வனத்துறையின் முன்அனுமதி பெறுங்கள். படகில் அனைவருக்கும் மிதவை உடை இருக்கிறதா என்று பாருங்கள். நெகிழிப் பைகளைத் தவிருங்கள். ஒவ்வொரு மாணவரும் ஒரு கேள்வியோடு புறப்படட்டும். விடையை அங்கே அவர்களே தேடட்டும்.